அந்த வீட்டில் பாத்திரம் தேய்ப்பது யார்?

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'விளம்பரங்களும் தொலைக்காட்சியும் மக்களை எப்படி மயக்குகின்றன' என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. தலைப்பைத் தந்த தோழர் முன்வரிசையில்தான் இருக்கிறார், கோபித்துக்கொள்ள மாட்டார் என்ற நம்பிக்கையில் சொல்கிறேன். 'மயக்குகின்றன' என்ற சொல்லில் எனக்கு உடன்பாடு இல்லை. மயக்கம் என்றால் தண்ணீர் தெளித்து எழுப்பிவிடலாம். ஐந்து ஆண்டுகளாக இந்தத் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். வீடு வீடாகப் போய் தொலைக்காட்சி பார்ப்பவர்களோடு உட்கார்ந்திருக்கிறேன். மயங்கிக் கிடந்த ஒருவரைக்கூட நான் பார்க்கவில்லை. விளம்பரம் பொய் சொல்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் வாங்குகிறார்கள். இதற்குத்தான் விளக்கம் தேவை.

விளக்கத்தை வெளிநாட்டு விளம்பர நிபுணர்களிடம் போய்த் தேட வேண்டியதில்லை. 1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் 25 வயது மாணவர் ஒருவர் 'இந்தியாவில் சாதிகள்' என்று ஒரு கட்டுரை வாசித்தார். அண்ணல் அம்பேத்கரின் அந்தக் கட்டுரை அகமணமே சாதியின் உயிர் என்று சொல்வதை நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம். அதன் இரண்டாம் பகுதியை அவ்வளவாகப் பேசுவதில்லை. ஒரு கூட்டம் தன்னைச் சுற்றி வேலி போட்டுக்கொண்டது சரி, மற்றவர்கள் ஏன் அதே வேலியைத் தங்களைச் சுற்றியும் போட்டுக்கொண்டார்கள்? இதற்கு அவர் கேப்ரியேல் தார்த் என்ற பிரெஞ்சு சமூகவியலாளரின் 'போலச்செய்தல்' கோட்பாட்டை எடுத்துக்கொள்கிறார். போலச்செய்தல் மேலிருந்து கீழே பாயும். யாரைப் போலச் செய்கிறோமோ அவர் கௌரவம் உள்ளவராக இருக்க வேண்டும். அவரோடு அன்றாடம் தொடர்பும் இருக்க வேண்டும். பார்ப்பனருக்கு மிக அருகில் இருந்த சாதிகள் உடன்கட்டை, கட்டாய விதவைக் கோலம், குழந்தை மணம் என மூன்றையும் எடுத்துக்கொண்டன. சற்று விலகியிருந்தவை இரண்டை எடுத்துக்கொண்டன. இன்னும் விலகியிருந்தவை ஒன்றை எடுத்துக்கொண்டன. மிகத் தொலைவில் இருந்தவர்களிடம் சாதி என்ற நம்பிக்கை மட்டும் வந்து சேர்ந்தது.

இதைப் படித்தபோது எனக்கு உடனே தோன்றியது, தொலைக்காட்சி இந்தத் தொலைவைத்தான் ஒழித்தது என்பது. கௌரவம் உள்ளவர் எனச் சமூகம் சொல்லும் ஆள், அக்ரகாரத்திலோ ஊர்த்தெருவிலோ இருந்த ஆள், இப்போது சேரி வீட்டின் கூடத்தில் நாள்தோறும் மாலை ஆறு மணி முதல் பத்து மணி வரை வந்து உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் அவர் வீட்டுக்குள் போக முடியாது. அவர் உங்கள் வீட்டுக்குள் வந்துவிடுகிறார். இனி போலச்செய்வதற்கு எந்தத் தொலைவும் தடையில்லை.

சிவப்பழகு கிரீமை எடுத்துக்கொள்வோம். ஃபேர் அண்ட் லவ்லி 1975-இல் சந்தைக்கு வந்தது. 1976 சனவரி முதல் நாள் தூர்தர்ஷனில் விளம்பரங்கள் தொடங்கின. இரண்டும் அண்ணன் தம்பி போல வளர்ந்தவை. கறுப்பு மட்டம் என்ற எண்ணத்தை இந்த நிறுவனமா உண்டாக்கியது? இல்லை. பெண் பார்க்க வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டு, "பொண்ணு கொஞ்சம் நிறம் கம்மி" என்று சொல்லிவிட்டுப் போன வழக்கம் எந்த கிரீமுக்கும் முந்தியது. விளம்பரம் செய்த வேலை வேறு. பெண் பார்க்க வந்த கூட்டம் செய்த அவமானத்தை அது எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் சொந்தக் குறையாக மாற்றிக் கொடுத்தது. மருந்து கடையில் இருக்கிறது, நீ வாங்கவில்லை, அதனால் நீ இப்படி இருக்கிறாய் என்றது.

அந்த விளம்பரக் கதைகளின் அமைப்பைக் கவனியுங்கள். ஒன்றில், மகன் இல்லையே என்று அப்பா புலம்புகிறார். மகள் கேட்டுவிடுகிறாள். கிரீம் பூசுகிறாள், விமானப் பணிப்பெண் ஆகிறாள், அப்பாவைப் பெரிய ஓட்டலுக்கு அழைத்துப்போகிறாள். அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் ஓராண்டுக்கும் மேல் போராடிய பிறகு, 2003-இல் இப்படிப்பட்ட இரண்டு விளம்பரங்கள் விலக்கிக்கொள்ளப்பட்டன. மாதர் சங்கம் அதை எதிர்த்தது முற்றிலும் சரி. ஆனால் அந்தக் கதை நம் வீட்டுப் பிள்ளைகளை ஏன் தொட்டது என்றும் கேட்க வேண்டும். அதில் அவளுக்கு மாப்பிள்ளை கிடைக்கவில்லை, வேலை கிடைக்கிறது. சம்பளம் கிடைக்கிறது. அப்பா தலைகுனிகிறார். சாதி, 'நீ பிறந்தபடியேதான் இருப்பாய்' என்கிறது. விளம்பரம், 'நீ மாறலாம், சில ரூபாய் போதும்' என்கிறது. ஒடுக்கப்பட்ட வீட்டுப் பெண்ணுக்கு இந்த இரண்டாவது குரல் எவ்வளவு இனிமையாக ஒலித்திருக்கும்! பொய்தான். ஆனால் விடுதலையின் சாயலில் சொல்லப்பட்ட பொய். அதனால்தான் அதற்கு அவ்வளவு வலு.

2020 மே மாதம் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்டு கொல்லப்பட்ட பிறகு, இங்கே அந்த கிரீமின் பெயர் 'குளோ அண்ட் லவ்லி' ஆனது. அதே நேரத்தில் ஒரு திருமண இணையதளம் தோல் நிறத்தைத் தேர்வுசெய்யும் வசதியை நீக்கியது. நல்லது. சாதியைத் தேர்வுசெய்யும் வசதியை எந்தப் பெரிய திருமணத் தளமும் நீக்கவில்லை. அமெரிக்காவின் கோபத்துக்கு நிறம் நீங்கியது. சாதி நீங்க எந்த ஊரின் கோபம் வேண்டுமோ!

இங்கே நம் பக்கத்திலேயே ஒரு மாற்றுக்கருத்து உண்டு. அதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கடலூரில் பிறந்த சிக் ஷாம்பு நிறுவனத்தின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1980-களில் ஊர் ஊராகப் போய், ஒரு சிறுவனுக்கு எல்லார் முன்னிலையிலும் தலைக்கு ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, கூட்டத்தினரைத் தொட்டுப் பார்க்கவும் முகர்ந்து பார்க்கவும் சொல்வார்களாம். இடையிடையே ரசினி படம் போட்டு அதற்குள் விளம்பரம். பிறகு ஐம்பது காசு, ஒரு ரூபாய் பாக்கெட். பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் அந்தப் பாக்கெட்டுக்கு ஊர்த்தெருக்காரர் தரும் விலையும் சேரிக்காரர் தரும் விலையும் ஒன்றுதான். இரட்டைக் குவளை வைத்திருந்த அதே ஊரில் இரட்டை ஷாம்பு வைக்க முடியவில்லை. சந்திரபான் பிரசாத் உள்ளிட்டோர் உத்தரப்பிரதேசத்தின் இரண்டு வட்டாரங்களில் செய்து 2010-இல் வெளியிட்ட ஆய்வு, தாராளமயத்துக்குப் பின் தலித் குடும்பங்களில் பற்பசை, ஷாம்பு போன்றவற்றின் பயன்பாடு பெருமளவு உயர்ந்ததைக் காட்டியது. அந்த மாற்றத்தை அவர்கள் மரியாதையோடு இணைத்துப் பார்க்கிறார்கள். நம்மில் சிலர் இதைக் கேட்டதும் 'நுகர்வு மோகம்' என்று முகம் சுளிக்கிறோம். செருப்பும் வெள்ளைச் சட்டையும் போட்டதற்காக அடிவாங்கிய மக்களிடம் போய் நுகர்வு மோகம் பற்றி வகுப்பெடுப்பது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. என் வேறுபாடு ஒன்றுதான். கடை சமமாக விற்றது, திரை சமமாகக் காட்டவில்லை.

திரை யாருக்காக இயங்குகிறது என்று பார்ப்போம். கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி ஒரு மணி நேரத்தில் 12 நிமிடங்கள் வரை விளம்பரம் வரலாம். நாம் மீதி 48 நிமிடத்துக்காக உட்காருகிறோம். தொலைக்காட்சி அந்த 12 நிமிடத்துக்காக உட்கார்ந்திருக்கிறது. விற்கப்படும் சரக்கு நாம்தான், வாங்குபவர் விளம்பரதாரர். எந்தச் சரக்குக்கும் தரம் பிரிப்பார்கள் அல்லவா? 2011-இல் வந்த நுகர்வோர் வகைப்பாட்டு முறை நம்மை ஏ1 முதல் இ3 வரை 12 படிகளாகப் பிரித்தது. குடும்பத்தில் முதன்மையாகச் சம்பாதிப்பவர் எவ்வளவு படித்திருக்கிறார் என்பது ஒரு கேள்வி. மின்விசிறி, குளிர்பதனப் பெட்டி, கார் என்று 11 உடைமைகளில் எத்தனை இருக்கின்றன என்பது இன்னொரு கேள்வி. அந்த 11-இல் ஒன்று விவசாய நிலம். சாதி என்ற சொல் அந்தப் படிவத்தில் எங்கும் இல்லை. யாருக்குப் படிப்பு மறுக்கப்பட்டது, யாரிடம் நிலம் இல்லை என்று இந்த அரங்கில் சொல்லித்தர வேண்டியதில்லை. படிநிலை ஏற்றத்தாழ்வை மனப்பாடமாக அறிந்த நாட்டில் விளம்பரத் துறைக்கு 12 படிகள் வரைவது கடினமாக இருந்திருக்காது.

சுமார் 21 கோடி வீடுகளில் தொலைக்காட்சி இருக்கும் நாட்டில், ஐம்பதாயிரத்துச் சொச்சம் வீடுகளில் பொருத்திய கருவிதான் எது வெற்றி, எது தோல்வி என்று முடிவுசெய்கிறது. ஏறத்தாழ நாலாயிரம் வீடுகளுக்கு ஒரு வீடு பேசுகிறது. பேசுவது ஒரு வீடானாலும் ஒவ்வொரு வீட்டின் விலையும் ஒன்றல்ல. அதிகம் வாங்கக்கூடிய வீடு எதை ரசிக்குமோ அதற்கே பணம் வருகிறது.

சுவைக்குச் சான்றிதழ் தருபவர் யார் என்பதையும் பாருங்கள். தமிழ் விளம்பரங்களில் காப்பித்தூளும் சாம்பார்ப் பொடியும் நல்லது என்று சொல்ல ஒரு மாமி வர வேண்டும். 'பேஷ் பேஷ்' என்று அந்த மொழியில் சொன்னால்தான் அது தரம். சென்னைத் தமிழ் வந்தால் சிரிப்பதற்கு வந்திருக்கிறது என்று பொருள். 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு, பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்துப் பெரியாரின் தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்து சிறைக்குப் போனார்கள். பலகையிலிருந்து அந்தச் சொல் இறங்கியது. காப்பி விளம்பரத்தின் குரலில் இருந்து இன்னும் இறங்கவில்லை.

இனி, பார்வையாளர்கள் வெறும் களிமண் அல்ல என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் எடுத்துக்காட்டு. 1987 சனவரி 25 அன்று தூர்தர்ஷனில் 'ராமாயண்' தொடங்கியது. ஞாயிறு காலையில் தெருக்கள் வெறிச்சோடியதும், தொலைக்காட்சிப் பெட்டிக்கு மாலை போட்டதும் பலமுறை எழுதப்பட்டவை. அதன் அரசியல் விளைவும் தெரிந்ததே. 1991-இல் சீதையாக நடித்தவர் வதோதராவிலும் ராவணனாக நடித்தவர் சாபர்காந்தாவிலும் பா.ஜ.க. சார்பில் வென்று நாடாளுமன்றம் போனார்கள். ராமனாக நடித்தவர் 2024-இல் மீரட்டில் வென்றார். ஆனால் இதே ராமன் 1988 அலகாபாத் இடைத்தேர்தலில் காங்கிரசுக்கு வாக்குக் கேட்டார், காங்கிரசு தோற்றது. திரையில் பார்த்ததெல்லாம் தானாக வாக்காக மாறிவிடுவதில்லை. அதை வாக்காக மாற்ற வெளியே ஓர் இயக்கம் வேலை செய்தது. அர்விந்த் ராசகோபால் தன் நூலில் இந்த இணைப்பை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

நான் சொல்ல வந்தது இன்னொரு நிகழ்வு. 1988-இல் ராமனின் முடிசூட்டோடு தொடர் முடியப்போகிறது என்றதும், பஞ்சாபின் சலந்தர் தொடங்கி வட இந்திய நகரங்கள் பலவற்றில் தூய்மைப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு கேட்டு அல்ல. வால்மீகி சமூகத்தைச் சேர்ந்த அவர்கள், லவன் குசன் கதையையும் காட்ட வேண்டும் என்று கேட்டார்கள். காரணம், அந்தப் பகுதியில்தான் தங்கள் முன்னோராக அவர்கள் கொண்டாடும் வால்மீகி ஆசிரியராகவும் சீதைக்கு அடைக்கலம் தந்தவராகவும் வருகிறார். நகரங்களில் குப்பை மலையாகக் குவிந்தது. அரசு இறங்கிவந்தது. உத்தர ராமாயணம் தனித்தொடராக வந்தது.

இதை எப்படிப் புரிந்துகொள்வது? மதத்துக்குள்ளேயே மூழ்கிவிட்டார்கள் என்று ஒரே வரியில் தள்ளிவிடலாம். பகுத்தறிவாளர்களாகிய நமக்கு அது எளிது. அவர்கள் கேட்ட அதே உத்தர காண்டத்தில்தான் தவம் செய்த குற்றத்துக்காகச் சூத்திரன் சம்பூகன் தலை வெட்டப்படும் கதையும் இருக்கிறது என்ற கொடுமையும் உண்டு. ஆனாலும் நாடே கைகூப்பி உட்கார்ந்திருந்தபோது, 'இந்தக் கதையில் எங்கள் ஆள் எங்கே?' என்று கேட்டவர்கள் அவர்கள் மட்டும்தான். ஒரு தொலைக்காட்சித் தொடரின் கதையை மாற்றுவதற்கு இந்தியத் தொழிலாளர்கள் துடைப்பத்தைக் கீழே வைத்தது அது. கேட்டது சரியானதா என்பது வேறு விவாதம். கேட்க முடியும் என்பது அங்கே நிறுவப்பட்டது.

நம் ஊருக்கு வருவோம். 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தொடங்கியது. அண்ணல் பிறந்த நாள் என்பதற்காக அல்ல, சித்திரை முதல் நாள் என்பதற்காக. 2006-க்குப் பின் தி.மு.க. அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட இலவச வண்ணத் தொலைக்காட்சிகளைக் கொடுத்தது. அதன் அரசியல் கணக்குகளை விடுங்கள். அதற்கு முன்பு யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, யார் வீட்டு வாசலில் நின்று நம் மக்கள் தொலைக்காட்சி பார்த்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். வாசலில் நின்று பார்த்தவர்களுக்குச் சொந்தப் பெட்டி என்பது சிறிய செய்தி அல்ல.

அந்தப் பெட்டியில் என்ன வந்தது? பெரிய வீடு வந்தது. மாடிப்படி, பூசையறை, ஊஞ்சல், நடுக்கூடம். கூட்டுக்குடும்பம். அவர்கள் என்ன சாதி என்று யாரும் சொல்வதில்லை. நிலமும் ஊர் மரியாதையும் கோயில் திருவிழாவில் முதல் மரியாதையும் 'பெரிய வீட்டு ஐயா' என்ற விளியும் இருக்கும்போது தனியாகச் சொல்ல வேறென்ன இருக்கிறது? ஆய்வுக்காக நான் தொடர்ந்து பார்த்த நெடுந்தொடர்களில் காதலுக்குத் தடையாகப் பணம் வருகிறது, பழைய பகை வருகிறது, மாமியாரின் வீம்பு வருகிறது, சாதகம் வருகிறது. சாதி வருவதில்லை. நாட்டில் நடக்கும் திருமணங்களில் சாதி மறுப்புத் திருமணம் ஏறத்தாழ 5 விழுக்காடுதான் என்று இந்திய மனித வளர்ச்சி ஆய்வு சொல்கிறது. காதலித்தவர்களை வெட்டும் மாநிலத்தில், ஆண்டு முழுக்க ஓடும் காதல் கதைகளுக்குள் சாதி தற்செயலாக வராமல் போய்விடாது. எழுதுபவர்கள் முயன்று விலக்கினால்தான் அது வராமல் இருக்கும்.

வடமாவட்டம் ஒன்றில் கள ஆய்வின்போது, வீட்டுவேலை செய்யும் அக்கா ஒருவரோடு உட்கார்ந்து தொடர் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்த்துவிட்டு வந்து, தன் வீட்டுப் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே பார்ப்பார். திரையில் பதினைந்து பேர் உட்கார்ந்து சாப்பிடும் காட்சி. அவர் சொன்னார்: "ஏம்மா, இத்தன பேரு துன்றாங்க, ஒரு நாளாச்சும் பாத்திரம் தேய்க்கிறவள காட்டுறாங்களா பாரு. தட்டெல்லாம் தானா போயி கழுவிக்கும் போல." சிரித்தார். பிறகு கதாநாயகி அழுதபோது அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்ததும் உண்மை, அழுததும் உண்மை. ஊடக ஆய்வில் ஸ்டூவர்ட் ஹால் சொன்னதை வைத்து நாங்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். ஒருவர் ஒரு கதையை ஒரே நேரத்தில் ஏற்கவும் முரண்படவும் முடியும் என்பதை அந்த அக்கா ஈரக் கையோடு காட்டிவிட்டார்.

அவர் அழுததை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். ராபர்ட் சென்சன், எமிலி ஆஸ்டர் என்ற இரு பொருளியலாளர்கள் தமிழ்நாடு உட்பட ஐந்து பகுதிகளில் எடுத்த தரவுகளை வைத்து 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கேபிள் வந்த கிராமங்களில், கணவன் அடிப்பது சரி என்று சொல்லும் பெண்கள் குறைந்தார்கள், ஆண் குழந்தைதான் வேண்டும் என்பது குறைந்தது என்று அது காட்டியது. அழுகைத் தொடர் என்று நாம் கேலி செய்யும் அதே பெட்டி ஏதோ ஒரு கதவைத் திறந்துவிட்டிருக்கிறது. பெண்ணுக்கு ஒரு கதவைத் திறக்க முடிந்த கதைகளுக்குச் சாதியின் கதவு மட்டும் எப்படிக் கண்ணில் படாமல் போனது என்றுதான் கேட்கிறேன்.

சாதி தெரியாமல் எட்டிப்பார்த்துவிடும் இடங்களும் உண்டு. 2020 மே மாதம், கொரோனா நேரம். தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி விற்கும் கென்ட் நிறுவனம் மாவு பிசையும் எந்திரத்துக்கு ஒரு விளம்பரம் வெளியிட்டது. உங்கள் வீட்டு வேலைக்காரப் பெண் கையால் மாவு பிசைய விடுகிறீர்களா, அவர் கையில் கிருமி இருக்கலாம் என்று கேட்டது. எதிர்ப்பு வந்ததும் விலக்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்கள். அந்த வரியை எழுதியவர் சாதியை நினைத்து எழுதினாரா? நினைத்திருக்க வேண்டியதே இல்லை. எவருடைய கை பட்டால் தீட்டு என்பதற்கு இரண்டாயிரம் ஆண்டுப் பயிற்சி தயாராக இருந்தது. 'தீட்டு' இருந்த இடத்தில் 'கிருமி' என்று போட்டால் போதுமானதாக இருந்தது.

2023 சூன் மாதம், சுற்றுச்சூழல் நாளுக்குச் சொமேட்டோ ஒரு விளம்பரம் எடுத்தது. 'லகான்' படத்தில் தலித் பாத்திரத்துக்குக் 'கச்ரா' என்று பெயர். குப்பை என்று பொருள். அந்த வேடத்தில் நடித்தவரையே அழைத்துவந்து, மறுசுழற்சி செய்த குப்பையிலிருந்து உருவான விளக்காக, துண்டாக, பொருள் பொருளாக உட்காரவைத்தார்கள். ஓர் அறையில் பத்துப் பேர் உட்கார்ந்து யோசித்து, பணம் ஒதுக்கி, படம் பிடித்து, ஒப்புதல் கொடுத்து வெளியிட்டிருக்கிறார்கள். அந்த வரிசையில் எங்கேயும் ஒருவருக்குக்கூட உறுத்தவில்லை. தலித் தோழர்கள் கேள்வி எழுப்பிய பிறகு, விளம்பரம் நீக்கப்பட்டது. தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையமும் அறிக்கை கேட்டது. அந்த அறையில் நம்மவர் ஒருவர் இருந்திருந்தால் முதல் அரை மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1994 கேபிள் தொலைக்காட்சி விதிகளில் 7-ஆவது விதி, இனத்தையோ சாதியையோ நிறத்தையோ இழிவுபடுத்தும் விளம்பரம் கூடாது என்கிறது. நிறத்தை இழிவுபடுத்தக் கூடாது என்ற விதி நடப்பில் இருக்கும்போதேதான் சிவப்பழகு விளம்பரங்கள் ஓடின. புகார் கொடுத்த இடங்களில் மட்டும் விதி கொஞ்சம் அசைந்தது.

தொலைக்காட்சியை நிறுத்துங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. நாள் முழுக்க உழைத்த ஒருவரிடம் அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. நம் மாலை நேரப் பயிற்சி மையங்களில் பாடம் எடுக்கும் தோழர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். எட்டாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் ஒரு நோட்டு கொடுங்கள். ஒரு மணி நேரம் ஏதாவது ஓர் அலைவரிசையைப் பார்த்து மூன்று செய்திகளை மட்டும் எழுதச் சொல்லுங்கள். எத்தனை விளம்பரம் வந்தது, அதில் கறுப்பாக இருந்தவர் என்ன வேலை செய்தார், தொடரில் வந்த வீட்டில் பாத்திரம் தேய்த்தது யார். நான் இரண்டு மையங்களில் செய்துபார்த்தேன். மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலான நோட்டுகளில் கோடுதான் இருந்தது. ஒரு பெண் மட்டும் அந்தக் கோட்டுக்குக் கீழே தன் அம்மாவின் பெயரை எழுதியிருந்தாள்.

படிவங்களின் படிகள் என் பையில் இருக்கின்றன, வேண்டியவர்கள் கூட்டம் முடிந்ததும் வாங்கிக்கொள்ளுங்கள். விளம்பரம் பற்றிப் புகார் அனுப்பும் முறையையும் ஒரு தாளில் தமிழில் எழுதிவைத்திருக்கிறேன். இனி நீங்கள் கேளுங்கள் தோழர்களே, நேரம் இருக்கிறது.